அருகிலுள்ள சாதனங்கள்

மூடிப்போன ஒரு கம்பெனியின் ஏலத்தில்
இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்கு எடுத்தது.
கக்கதாசபுராவில் மூன்றாவது மாடிக்கு
லிஃப்ட் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை
நானும் ரெஜினாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம்.

கேபிள் இருந்தது.
ஒரு முனை சதுரம், மறுமுனை தட்டை.
என் லேப்டாப்பில் இருப்பதோ
அரிசி நுழையும் அளவில் ஒரு துளை.
"ஊசிக் காதில ஒட்டகம்" என்றாள் ரெஜினா.

வைஃபையில் முயன்றோம்.
ரவுட்டர் கீழே, வீட்டுக்காரர் சௌடப்பாவின் ஹாலில்.
அங்கே ஒரு பட்டன். அதை அமுக்கிய
இரண்டு நிமிடத்துக்குள் இங்கே ஒரு பட்டன்.
அவர் "ஒத்திதீனி, ஒத்திதீனி" என்று கத்த
நடுவில் யார் வீட்டுக் குக்கரோ விசிலடிக்க
இரண்டு நிமிடம் போயிற்று.
நான்கு முறை போயிற்று.

கடைசியில் கிடைத்தது நேர்வழி.
ஒயரும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம்,
பிரின்டரே சின்னதாய் ஒரு வலை விரித்துக்கொள்ளும்.
போனில் அதன் பெயர் தெரியும். தொட்டால் போதும்.
பாஸ்வேர்டு வேண்டுமா என்று கேட்டது.
பிறகு பார்க்கலாம் என்றேன்.
ரெஜினாவின் வாடகை ரசீது
ஈரம் காயாமல் வந்து விழுந்தது.

செவ்வாய் இரவு பதினொன்றே முக்காலுக்கு
யாரும் கேட்காமல் அது ஒருமுறை இருமியது.
உருளை சுற்றியது. ஒரு பக்கம்:

பிரிட்ஜ் – உனக்கு.
வாஷிங் மெஷின் – எனக்கு.
இரும்புக் கட்டில் – விற்றுவிடலாம்.
மிக்ஸி – உனக்கு.
பூனை – பேச வேண்டும்.

எல்லாம் ஆங்கிலத்தில். பெயரில்லை.
புதனன்று இன்னொன்று. மிக்ஸி கை மாறியிருந்தது.
வியாழனன்று கட்டிலைக் காணோம்,
திரைச்சீலைகள் புதிதாய்ச் சேர்ந்திருந்தன.
பூனை – பேச வேண்டும்.

மேல் வீடா, பக்கத்து வீடா, எதிர் மாடியா?
அலை எத்தனை அடி போகுமென்று கையேட்டில் இருக்கிறது.
யார் சுவரைத் தாண்டிப் போகுமென்று இல்லை.
வந்த வழியே ஒரு சொல்லைத் திருப்பி அனுப்ப
பிரின்டருக்குத் தெரியாது.
ஆனால் அதற்கொரு பெயர் உண்டு,
பெயரை மாற்றலாம்.
தமிழில் அடித்தேன், கட்டம் கட்டமாய்க் காட்டியது.
ஆங்கிலத்தில், முப்பத்திரண்டு எழுத்துக்குள் வைத்தேன்:
உங்கள் தாள்கள் 302-இல்.

வெள்ளி இரவு ஒரே ஒரு வரி வந்தது:
மன்னிக்கவும். எத்தனை பக்கம்? பணம் தந்துவிடுகிறேன்.

மறுபடி பெயர் மாற்றினேன்:
வேண்டாம். பூனை யாருக்கு?

மாற்றிய பிறகு கன்னம் சுட்டது.
"கொஞ்சம் ஓவர்தான்" என்றாள் ரெஜினா
போர்வைக்குள்ளிருந்து.

பத்து நாள்.
பாஸ்வேர்டு போட்டிருக்கலாம், போடவில்லை.
ஒரு மத்தியானம் கீழே டெம்போ வந்து நின்றது.
வாஷிங் மெஷின் ஏறியது.
எட்டிப் பார்த்தேன், உச்சந்தலைகள்தான் தெரிந்தன.

அன்று சாயங்காலம் ஒரு படம் வந்தது,
மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல்:
ஒரு காது, இன்னொரு காது, நெற்றி,
ஜன்னலோரம் உட்கார்ந்து
வெளியே எதையோ பார்க்கும் முகம்.
எழுத்து ஒன்றுமில்லை.
யார் வீட்டு ஜன்னல் என்றும் தெரியவில்லை.

கலர் இங்க் தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது.
படம் இப்போது எங்கள் பிரிட்ஜின் மேல்.
என்ன நிறப் பூனை என்று கேட்கிறவர்களிடம்
கறுப்பு வெள்ளை என்கிறாள் ரெஜினா.