ஆறாவது போல்ட்

ஐந்து கழன்றுவிட்டன.
அவன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்து
அதற்குள் போட்டிருக்கிறேன்,
மரையில் சிவப்புப் பசை காய்ந்து ஒட்டியபடி.
ஆறாவது
உடும்பு.

கலாமாவில் இரவு பத்து மணிக் காற்று
பட்டறையின் தகரக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறது.
வாஷிங்டன் ஆயாவிரே சுரங்கத்திலிருந்து நேராக வந்திருக்கிறான்.
ஏழு நாள் வெடி, ஏழு நாள் விடுப்பு.
விடுப்பின் முதல் இரவை என் எண்ணெய் வாளிமேல்
உட்கார்ந்து கழிக்கிறான்.
உப்பு வெளியின் ஓரத்தில் பாறை இடித்து
பின் பிரேக் டிஸ்க்
பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது.
விடிந்தால் பந்தயம்.

ஆலன் சாவியைச் செருகினேன்.
ஒரு கணம் பிடித்தது.
அப்புறம் கடக்கென்றுகூடச் சொல்லவில்லை,
வெண்ணெயில் விரல் போவதுபோல் வழுக்கிற்று.
ஆறு மூலை இருந்த இடத்தில்
பளபளவென்று ஒரு குழி.

"எவன் முறுக்கினான் இதை?"
"தெரியாது. எனக்கு முன்னால் அந்தோஃபகஸ்தாவில்
ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார்.
அவருக்கு முன்னால் யாரோ."

அந்த யாரோவைத் திட்ட ஆரம்பித்தேன்.
மரை கழன்ற பயல் என்று சொல்ல வந்து
நாக்கைத் திருத்திக்கொண்டேன்:
மரை கழலாத பயல்.
வாஷிங்டன் சிரித்தான்.
சிரித்ததால் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.
மணிக்கட்டு போதும் என்கிற இடத்தில்
குழாய் மாட்டித் தொங்கியிருக்கிறான்,
இவன் வீட்டு ஊறுகாய் ஜாடியை
யார் திறப்பார்கள், பாவம்.

துருநீக்கி விட்டேன். தேநீர் ஆறும்வரை காத்திருந்தேன்.
ஒரு சுற்றுப் பெரிய நட்சத்திர முனையைச்
சுத்தியலால் அறைந்து இறக்கினேன்.
அதுவும் குழியில் கரண்டியாகக் கிண்டிற்று.
இடப்புரி முறுக்காணி ஒன்று இருக்கிறது;
பெட்டியைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன்.
அது உள்ளே ஒடிந்தால்
துளைக்க இந்த ஊரில் உலோகம் கிடையாது.

பிறகு தீ.
நீல நாக்கைப் போல்ட்டின் தலையில் மட்டும் வைத்தேன்,
சக்கரத்தின் அலுமினியம் கோபித்துக்கொள்ளாதபடி.
பசை வெந்து
எரிந்த மருந்துக்கடை வாசனை வந்தது.
அப்போதும் அசையவில்லை.

சரி, தலை வேண்டாம் உனக்கு.

டிரில் இறங்கியது.
வெள்ளிச் சுருள்கள் என் கையுறைமேல் சுடச்சுட விழுந்தன.
தலை துண்டாகித் துளைமுனையில் மோதிரமாய்ச் சுற்றிற்று.
டிஸ்க் தானாகவே கையோடு வந்தது.
குடத்தில் ஒரு விரற்கட்டை நீட்டிக்கொண்டு நின்றது.
குறடு எடுக்கத் திரும்பினேன்,
சும்மா ஒருமுறை தொட்டேன்.

சுழன்றது.

இரண்டு விரலால்.
இடப்பக்கம், இடப்பக்கம், சொன்னபடி.
இவ்வளவு நேரமும்
முறுக்கு முழுவதும் தலையில்தான் இருந்திருக்கிறது.

வாஷிங்டன் கைதட்டினான்.
நான் துளைமுனையிலிருந்து மோதிரத்தைக் கழற்றினேன்.
உப்புப் பொருக்கு தீயில் உதிர்ந்துபோன விளிம்பில்
கடுகளவு மஞ்சள்.
நகப்பூச்சு.
கடைசிப் போல்ட்டுக்கு மட்டும்
வேலை முடிந்தது என்று நான் வைக்கிற பொட்டு.

எந்த வருடம் என்பதும் தெரியும்.
டார்க் ரெஞ்சை அடகு வைத்திருந்த வருடம்.
அதற்கு முந்தின வாரம்தான்
ஒரு பையனுக்கு ஓட்டத்தில் போல்ட் கழன்று
சக்கரம் பூட்டிக்கொண்டது.
அவன் பிழைத்தான்.
அதற்கப்புறம் பல நாள்
எதை முறுக்கினாலும் எனக்குப் போதவில்லை.

"என்ன பார்க்கிறாய், நிடியா?"
"பிசிறு."

புது டிஸ்க். புதிதாய் ஆறு.
நீலப் பசை, ஒரு துளிதான்.
எதிரெதிராக மாற்றி மாற்றி,
ரெஞ்ச் கிளிக்கென்றதும் கையை எடுத்துவிட்டேன்.
எடுக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

எவ்வளவு என்றான். பாதி சொன்னேன்.
"மீதி?"
"முன்பே வாங்கியாயிற்று."
தூக்கக் கண்ணுக்கு அது புரியவில்லை.
ஹெல்மெட்டைத் தூக்கி அப்படியே மாட்டப்போக
ஐந்து போல்ட்டும் நெற்றியில் கொட்டித்
தரையெல்லாம் உருண்டன.
குனிந்து பொறுக்கினான்,
எண்ணினான்,
ஆறாவதைத் தேடினான்.

அது என் சட்டைப்பையில்
ஆறிக்கொண்டிருந்தது.