பழைய படம் ஏதேனும் உண்டா?

மாடியிலிருந்து டாக்டர் யெர்கா கேட்பது
எப்போதும் இந்த ஒன்றைத்தான்.
நான் நிலத்தடியில் இருக்கிறேன்,
புந்தா அரேனாஸ் ஆஸ்பத்திரியில்
காற்று நுழையாத ஒரே அறையில்.
ஊரெல்லாம் கார்க் கதவுகளைக் காற்று பிடுங்கும் நாளிலும்
இங்கே மின்விசிறிகள் மட்டுமே மூச்சு விடும்.

இன்று கேட்டது ஒப்துலியா மன்சியாவுக்காக.
ஜலசந்திக்கு அக்கரை, போர்வெனீர்க்காரர்.
டப்பாத் தொழிற்சாலையில் முப்பது வருஷம்
நண்டு ஓடு உடைத்தவர்.
வலது நுரையீரலின் மேல்மடலில்
ஆறு மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளி.
போன மாதம் முளைத்ததா,
நெடுநாளாய்க் குடியிருக்கிறதா?
ஒற்றைப் படத்துக்குக் காலம் தெரியாது.

பெயரைத் தட்டினேன். இல்லை.
பிறந்த தேதியைத் தட்டினேன்.
அன்றைக்குப் பதினோரு பேர் பிறந்திருக்கிறார்கள்,
அவர் பிறக்கவில்லை.
எஸ் இருக்கவேண்டிய இடத்தில்
சி போட்டுப் பார்த்தேன்.
வந்தார்.
இரண்டாயிரத்து நாலு, ஜூலை.
பனியில் வழுக்கி விழுந்து
விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தபோது எடுத்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு துண்டங்கள்.
இருப்பிடம்: தட்டு 0388.

இந்தப் படங்களை மூன்று முறை வீடு மாற்றியிருக்கிறோம்.
ஒவ்வொரு முறையும் விற்க வந்தவர்
'என்றைக்கும்' என்றார்.
முதல் என்றைக்கும் ஏழு வருஷம் வந்தது.
இரண்டாவது, அந்தக் கம்பெனி விலைபோகும் வரை.
மூன்றாவதில் பாதி வழியில் பணம் தீர்ந்து
நாற்பது தட்டுகள் பெட்டியிலேயே தங்கிவிட்டன.
அவற்றில் ஒன்று இது.

அதைப் படிக்கும் கருவி என் மேஜைக்கடியில்.
வால்திவியாவில் மூடிப்போன ஒரு கிளினிக்கின் ஏலத்தில்
என் காசில் எடுத்தேன்.
ரசீது இன்னும் கணக்குப் பிரிவில் கிடக்கிறது.

தட்டைச் செருகினேன்.
யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்,
அப்புறம் ஒரு சுழற்சி.
நாற்பது, எண்பது, நூற்றி இருபது.
நூற்றி நாற்பத்தேழில் நின்றது.
சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை.
மறுபடி.
லென்ஸைத் துடைத்து மறுபடி.
கேபிளைப் பிடுங்கி, செருகி,
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, மறுபடி.
துண்டம் பாதிக்கு மேல் கறுப்பாகவே வந்தது.
அந்த இடத்தில் அன்று அவர் உடம்புக்குள் என்ன இருந்ததென்று
இனி யாராலும் சொல்ல முடியாது.
'படிக்க இயலவில்லை' என்று எழுதி
நிபால்தோ ஒயார்சூன் எனக் கையொப்பமிட்டேன்.
இல்லாமல் போனதையும் எழுதிவைக்கத்தானே சம்பளம்.

மிச்சத்தை மாடிக்கு அனுப்பினேன்.

தேவைப்பட்டது அறுபத்தொன்றாம் துண்டம்.
அன்றைக்கு எல்லோரும் விலா எலும்பைத் தேடினார்கள்.
எலும்பு நலம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.
பக்கத்திலேயே புள்ளி இருந்தது,
யார் கண்ணிலும் படாமல்.
யாரும் பார்க்காததையும்
தட்டு பார்த்தபடியே வைத்திருந்தது.

தொலைபேசி அடித்தது.
"ஆறு," என்றார் யெர்கா.
"அப்போதும் ஆறு."
பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அறிக்கையின் கடைசி வரி என் திரையிலும் விழுந்தது:
பத்தொன்பது ஆண்டுகளில் மாற்றமில்லை.

சம்பளத்தைப் பற்றி அந்தச் சொல்லைக் கேட்டால்
சங்கத்தில் கூட்டம் போடுவோம்.

நாலு மணிக்கு ஒப்துலியாவே இறங்கி வந்தார்.
காற்றால் துறைமுகத்தை மூடிவிட்டார்கள், படகு இல்லை,
பொழுது போகவேண்டும்.
"என் படம் எனக்கும் ஒன்று கிடைக்குமா?"
குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தேன்,
கறுத்த துண்டத்தையும் சேர்த்து.
ஓடு கிழித்த தழும்புகள் நிறைந்த விரல்களால் வாங்கி,
விளக்குக்கு நேரே பிடித்து,
அதில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டார்.

"வீட்டில் இதைப் போட்டுப் பார்க்கக் கருவி இருக்கிறதா?"

"ஏது?
ருபார்ப் பாத்திக்கு மேலே கம்பியில் கட்டிவிடுவேன்.
பளபளவென்று சுற்றும்.
இந்த வருஷம் வாத்துக் கூட்டம் கிட்டே வரட்டும், பார்க்கிறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பெயரில் எழுத்தைத் திருத்தினேன்.
அவர் படி ஏறி முடிப்பதற்குள்
தெமுக்கோவுக்கு ஒரு பிரதி போய்க்கொண்டிருந்தது.