எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர்

காலை ஏழு. சடர் தெரு. ஓட்டல் வாசல்.
சீட்டில் எழுதியிருந்தது:
மேவாடா, இரண்டு பேர், பாவ்நகர்,
ஏசி வண்டி, முழுநாள் கல்கத்தா.
கீழே பொடி எழுத்தில் இன்னும் ஏதோ.
வழக்கம்போல் நான் படிக்கவில்லை.

பதினொரு வருடமாக
என் வாயில் தேய்கிறது இந்த ஊர்.
கதவு சாத்தியதும் தொடங்கிவிடுவேன்.
இதுதான் மியூசியம், உள்ளே ஒரு மம்மி தூங்குகிறது,
நாலாயிரம் வருடமாக ஒரே அறை,
இன்னும் காலி செய்யச் சொல்லவில்லை.
இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.
இவர்கள் சிரிக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன்.
அவர் விரல்கள் எதையோ சொல்ல
அவள் விரல்கள் குறுக்கே புகுந்து மறுக்க
நான்கு கைகளுக்கும் நடுவே
பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று.
சிவப்பு விளக்கில் சீட்டை மறுபடி எடுத்தேன்:
காது கேளாதவர்கள். எழுதிக் காட்டவும்.

எழுதிக் காட்டுவதாம்.
என் இந்தி எழுத்தைப் பார்த்து
என் மகனே சிரிக்கிறான்.

சும்மா இருக்க வாய்க்குத் தெரியவில்லை.
தாடை வலித்தது. ஹார்ன் அடித்தேன், அதற்கும் பயனில்லை.
பிறகு கண் மட்டும் வேலை செய்தது:
விக்டோரியாவுக்கு அவள்
தலைமேல் இரு கையால் ஒரு கும்பா கவிழ்த்தாள்.
காளிகாட்டுக்கு நாக்கு நுனி, அவ்வளவுதான்.
டிராமுக்கு ஒற்றை விரல்
காற்றில் கம்பியைத் தடவிக்கொண்டே போயிற்று.
படாபஜாரில் முக்கால் மணி நேரம் நின்றபோது
அவர் பத்து விரலையும் முடிச்சுப் போட்டு
அவிழ்க்க முடியாததுபோல் என்னிடம் நீட்டினார்.
நானும் என் பத்து விரலை முடிச்சுப் போட்டேன்.

ஹவ்ரா பாலம்.
நட்டு இல்லை, போல்ட்டு இல்லை ஐயா,
வெறும் ஆணியில் நிற்கிறது என்று
தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்.
அவள் உள்ளங்கையைக் கதவுக் கண்ணாடியில் ஒட்டி
கண்ணை மூடிக்கொண்டாள்.
அந்தப் பக்கக் கண்ணாடியில் அவர்.
பாலம் முடிந்ததும் என் தோளில் ஒரு தட்டு.
விரலால் ஒரு வட்டம்: இன்னொரு முறை.

ஸ்டேஷன் வாசலில் திருப்பினேன். வந்தோம்.
மறுபடி தட்டு. மறுபடி வட்டம்.
மூன்றாம் முறை பக்கத்தில்
கம்பி ஏற்றிய லாரி ஒன்று தடதடத்துக்கொண்டு வர
பாலம் முதுகைச் சிலிர்த்தது,
ஸ்டியரிங்கில் என் விரல் எலும்புவரை.
அவள் சிரித்தாள்,
அளவு தெரியாத பெரிய சத்தத்தில்.
அன்றைக்கு வண்டிக்குள் எழுந்த முதல் குரல்.

பாலம் நடுங்கும் என்று எனக்குத் தெரியாதா?
தெரியும்.
காட்சி என்று அதை
யாருக்கும் காட்டியதில்லை.

படித்துறையில் மண்குவளைத் தேநீர்.
பலராம் பாருய் என்று பெயரை எழுதிக் கொடுத்தேன்.
வாசித்தார்கள், மடித்து வைத்தார்கள்.
பிறகு அவர் தன் காதின் பின்னே ஒரு விரலைச் செருகி
என்னைச் சுட்டினார்.
தொட்டுப் பார்த்தேன்: காலையிலிருந்து அங்கேயே
என் நீல நிறப் பேனா.

மீட்டரில் தொண்ணூற்றொன்று.
பதினொரு கிலோமீட்டர் அதிகம்.
கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.
மூன்று தடவை நடுங்கினாலும்
டீசல் டீசல்தான்.

இரவு முதலாளி போனில் கேட்டான்:
ஊமைப் பார்ட்டியாமே, நாள் முழுக்கத் தூக்கம் வந்திருக்குமே?
வழியெல்லாம் பேச்சு என்றேன்.
குடித்திருக்கிறாயா என்றான்.

பெஹாலா போகிற வழி,
மாஜேர்ஹாட் பாலத்தில் நெரிசல்.
காலி வண்டி. ரேடியோவை அணைத்தேன்.
பக்கத்துக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன்.
அடுத்த வரிசையில் நின்ற மஞ்சள் டாக்சிக்காரன்
தனக்குத்தான் கையசைக்கிறேன் என்று நினைத்து
பதிலுக்குக் கையசைத்தான்.