மூன்றரையைக் கழித்து

குளிர்ப்பெட்டிக் கதவில் இரண்டு நாட்காட்டிகள்.
ஒன்று, கட்டடத்துத் துவைப்பறையில்
யாருக்கு எந்தக் கிழமை என்று சொல்வது.
அது பிசகினால் கீழ்வீட்டு ஹுன்ஸிகர் அம்மா
கதவில் துண்டு ஒட்டுவார்.
மற்றது, ஓல்டன் தமிழ்க்கடையில்
இரண்டு மூட்டை அரிசிக்கு இனாமாய் வந்தது.
அதில் திதிகள் யாழ்ப்பாண நேரத்தில் ஓடும்.
கோடையென்றால் மூன்றரையைக் கழிக்கவேணும்,
மாரியில் நாலரை.
பதினொரு வயதிலிருந்து
இந்த வீட்டின் கணக்கப்பிள்ளை நான்.

ஏகாதசிக்குத் துளசித் தண்ணி,
சட்டியில் ஆறு நாளும் ஒருநேரப் பால்.
கௌரிக் காப்பைக் கட்டிக்கொண்டு
முதியோர் இல்லத்தில் இரவுவேலைக்குப் போவாள் அம்மா,
நூல் தெரியாமல் கையுறையை
முழங்கைவரை இழுத்துவிட்டு.
புருஷன்மார் நீடு வாழ நோற்கிற நோன்பு அது.
ஒரு வருஷமும் விட்டதில்லை.

ஆடி அமாவாசை மட்டும் எங்களுக்கு இல்லை.
தகப்பன் இல்லாதவர்களுக்கு அது.
அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன்.

மறதியால் அல்ல.
முதல்நாளே கடைக்காரர் சதானந்தர்
உறைபெட்டியின் மேல்
காத்தோட்டிக்காய்ப் பைகளை அடுக்கிவைத்திருப்பார்.
அம்மா அவற்றை ஒதுக்கிவிட்டுப்
பாரைத் துண்டு இரண்டு கிலோ எடுப்பாள்.
அவர் நிமிர்ந்து பாராமல் காசு வாங்குவார்.
அடுத்தநாள் ஜன்னல் எல்லாம் திறந்துவைத்துப் பொரியல்.
மணத்தால் சொல்லக்கூடிய செய்தி
அவளிடம் அது ஒன்றுதான்:
இந்த வீட்டுக்காரர் இருக்கிறார்.

பாரிஸில் அண்ணா ஏழு வருஷமாய் விரதம்.
இலை, எள், படையல் எல்லாம் படமெடுத்து அனுப்புவான்.
அப்பாவுக்கு மாலை போட்டிருப்பான்.
அம்மா கைபேசியில் அதைப் பெரிதாக்கி
மாலையை விரலால் மறைத்துவிட்டு
முகத்தைப் பார்ப்பாள்.
"கொழும்பில இருந்து வந்த பத்திரத்தில
செத்ததெண்டு எழுதேல்லை.
காணக்கிடைக்கவில்லை எண்டுதான் கிடக்கு."
இதை எனக்குத்தான் சொல்வாள்.
அவனுக்குச் சொல்வதில்லை.

ஆரே ஆற்றில் எள்ளும் தண்ணியும் விடச் சொன்னான் ஒருமுறை.
வரைபடத்தில் விரல் வைத்துப் போனேன்.
அது ரைனில் விழுந்து வடகடலுக்குப் போகிறது.
கீரிமலைப் பக்கம் திரும்புகிற யோசனையே அதற்கில்லை.

இந்த வருஷம் ஆடி அமாவாசை வியாழன்.
எங்கள் துவைப்பு நாளும் அதுதான்.
கழுவுதொட்டியில் பாரை உருகிக்கொண்டிருந்தது.
ஈரத்துணிக் கூடையை இடுப்பில் ஏற்றியபடி அம்மா கேட்டாள்:
"அமாவாசை எத்தினை மணிக்கு முடியுது?"

கேட்டிராத கேள்வி.
நாட்காட்டி பின்னேரம் ஐந்து இருபது என்றது.
கழித்தேன். ஒன்று ஐம்பது.
தவறிவிடுமோ என்று
பென்சிலால் எழுதி இன்னொருதரம் கழித்தேன்.
அவள் தலையாட்டவுமில்லை. துணி விரிக்கப் போய்விட்டாள்.

பத்தரைக்குத் தேத்தண்ணி. "வை, பிறகு."
பன்னிரண்டுக்குப் பாண். "பசிக்கேல்லை."
மீனுக்கு மஞ்சளும் உப்பும் பூசி மூடிவைத்தாள்.
அடுப்பருகே போகவில்லை.
வெளியே முப்பத்திநாலு பாகை வெயில்.
அந்த வெளிச்சத்துக்குள்தான் எங்கேயோ,
சூரியனை ஒட்டி,
நிலவும் போய்க்கொண்டிருந்திருக்கும்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு எண்ணெய் சீறியது.

"இது விரதமா அம்மா?"
"ஆர் சொன்னது? மீன் உருக நேரமெடுத்துது."

முதல் துண்டை என் கோப்பையில் போட்டாள்.
முள் எடுக்கும்போதுதான் உறைத்தது,
காலையிலிருந்து நானும் ஒன்றும் தின்னவில்லை.

கதவு தட்டுகிற சத்தம்.
ஹுன்ஸிகர் அம்மா, கையில் துணிக்கூடை.
மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னார்,
உங்கள் நேரம் இரண்டு மணியோடு முடிகிறது,
இயந்திரத்தில் இன்னும் ஏதோ கிடக்கிறது என்று.

"வாறன்" என்றாள் அம்மா தமிழிலேயே,
எண்ணெய்க் கையைத் துடைக்காமல்.