மான் தின்ற அட்டவணை

மருந்துக் கம்பனி தந்த கலண்டரில்
முடிந்துபோன பெப்ரவரியைக் கிழித்து
அதன் முதுகில் எழுதினேன்:
மே மாதத்துக்குள் ஐந்து கிலோமீற்றர், நில்லாமல்.
நவம்பருக்குள் இணைந்த கணிதத்தில் ஒரு பி.
ஏ என்று எழுதிப் பிறகு வெட்டியது
வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

இது மூன்றாம் தடவை.
முதல் தடவை ஒழுங்கையே கேட்டது, இசட் எவ்வளவு என்று.
இரண்டாம் தடவை அம்மா மட்டும்.
இம்முறை
விண்ணப்பம் அச்சடித்த கொமினிகேசன் கடைப் பெடியன் கேட்டான்:
"கலரா அக்கா, கறுப்பு வெள்ளையா?"

ஐந்தே கால்.
டச்சுபே மணலில் இறங்கினால்
கெண்டைக்கால் சொல்லிவிடும்
எனக்கும் உடம்புக்கும்
எத்தனை வருடமாய்ப் பேச்சுவார்த்தை இல்லையென்று.
ரிஸ்மியா சுபஹு தொழுதுவிட்டு வருவாள்.
தம்பியின் சப்பாத்து, முன்னுக்குப் பஞ்சு அடைத்தது.
அவளிடம் தாளும் இல்லை, திகதியும் இல்லை.
"மூச்சு வாங்காமக் கந்தோர் மாடி ஏறோணும், அவ்வளவுதான்."

கடற்கரை வீதிக்கு ஏறினால்
மூன்று விளக்குக்கம்பம் ஓட்டம், இரண்டு நடை.
நடக்கிற இரண்டில் நான் வகையீடு சொல்வேன்.
சைனுக்குக் கோசைன்.
கோசைனுக்கு...
அதில் ஒரு மைனஸ் வரும்.
போன வருடம் அது வரவில்லை.
பதினைந்து புள்ளிக் கணக்கு
ஒரு சின்னக் கோட்டில் சரிந்தது.

எட்டிலிருந்து ஆறுவரை பாமசி.
பிரசர் குளிசை வாங்க வருகிற ஐயாமாரிடம்
"கொஞ்சம் நடவுங்கோ" என்று சொல்லும்போது
எனக்கே சிரிப்பு வரும்:
என் தொடை இரண்டும்
கவுண்டருக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நிற்கும்.
இரவு வினாத்தாளின் மேல் கன்னம்.
விடிய எழும்பினால்
கன்னத்தில் ஒரு பரவளைவு.

அது ஒரு வெள்ளிக்கிழமை.
கோட்டை வாசலடி மதிலில் இருந்து
சப்பாத்து நாடா கட்டினேன்.
பக்கத்தில் தாள், மேலே தண்ணிப் போத்தல்.
நாலு கிழமையில் இரண்டே இரண்டு சரி அடையாளம்.
புள்ளிமான் வந்தது,
பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல் கேட்கிற
அதே வெட்கமில்லாத முகம்.
போத்தல் உருண்டது.
மே மாதத்தைத் தின்றது.
நவம்பரில் கொஞ்சம் யோசித்தது.
பிறகு அதையும்.

ரிஸ்மியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு
நடுவீதியில் குந்திவிட்டாள்.
நான் அழப்போகிறேன் என்று நினைத்தேன்.
அழவில்லை.
பசித்தது.
பின்வளைகுடாப் பக்கம் போய்
ஆளுக்கு மூன்று இடியப்பம், சம்பல்.

பிறகு வேறு தாள் எழுதவில்லை.
எழுத எடுத்த அரைமணித்தியாலத்தில்
தொகையீடு ஒன்று செய்தேன்; பிழைத்தது.
மறுபடி செய்தேன்.
மேயும் போய்விட்டது.
நாலாவது கிலோமீற்றரில்
இன்னும் விலாவுக்குள் ஒரு ஆணி.
ஆனால் கம்பங்களை
எப்போது எண்ணாமல் விட்டேன் என்று தெரியவில்லை.

இன்று மழைத்தூறல்.
ரிஸ்மியா வரவில்லை.
கடல் வெளுக்குமுன்னம் தனியாக ஓடி
கோட்டைத் திருப்பத்தில் மூச்சுக்கு நடுவே
வாய்விட்டே சொன்னேன்:
"மைனஸ் சைன்."

மரத்தடியில் ஒரு மான் தலைதூக்கிப் பார்த்தது,
எதையோ மென்றபடி.