மின்தடை அறிவிப்பு

புதுவயலில் எங்கள் பள்ளிச் சுவரை ஒட்டி
ஓர் அரவை மில்.
பிரேயர் மணிக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும்.
அவித்த நெல்லின் வாடை முதலில் வரும்,
அப்புறம் சத்தம்,
மத்தியானத்துக்குள் பெஞ்சுமேல் உமித்தூசி.
ஏழாம் வகுப்பு ஆ பிரிவில்
கத்தித்தான் பாடம் நடத்துகிறேன்.
மூன்று வருடத்தில் குரல் தடித்துவிட்டது.
போனில் பேசினால் அம்மா
"இப்ப யாரோடடி சண்டை" என்கிறாள்.

இந்த வாரம் மையக்கருத்து.
புத்தகத்தில் தேனீயைப் பற்றி ஒரு பத்தி.
ரிஸ்வான் பச்சை ஸ்கெட்ச்சால்
எல்லா வரிக்கும் அடிக்கோடிட்டான்.
"எல்லாமே முக்கியமாத்தான் தெரியுது டீச்சர்."
அழகுமீனாள் எண்களை மட்டும் வட்டமிட்டாள்.
கடைசி பெஞ்சில் ஒருவன்
ஒரே சொல்லை எழுதித் தந்தான்:
தேனீ.
தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.
சரியென்றும்தான்.

சொல்லிப் பார்த்தேன்:
அம்மா அரைமணி நேரம் போன் பேசிவிட்டு வைத்ததும்
"என்னவாம்?" என்று அப்பா கேட்பார் இல்லையா,
அப்போது அம்மா சொல்லும் ஒரு வரி, அதுதான்.
"எங்கம்மா ஒண்ணுமில்லம்பாங்க டீச்சர்"
என்றது ஒரு குரல்.
வகுப்பே சிரித்து ஓய
மணி அடித்துவிட்டது.

மறுநாள் செய்தித்தாளில் கத்தரித்ததை
ஜெராக்ஸ் எடுத்துப் போனேன்.
எட்டே வரி.
துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணி
நடைபெற இருப்பதால்
புதன்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
கண்டனூர், சாக்கோட்டை, மித்ராவயல்,
புதுவயல் அரவை மில் பகுதிகள்
மற்றும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களில்
மின் விநியோகம் இருக்காது.
கீழே ஒரு செயற்பொறியாளரின் பெயர்.

நான் எழுதி வைத்திருந்த விடை:
பராமரிப்புக்காக ஒருநாள் மின்தடை.
முப்பத்தோரு தாளில் இருபதுக்கு மேல்
கிட்டத்தட்ட அதுவே.
ரிஸ்வான்கூட ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தான்.
மனசு குளிர்ந்து டீ வாங்கி வரச் சொன்னேன்.
ஆறிப்போன டீயோடு
சேவுகமூர்த்தியின் தாளை எடுத்தேன்.

புதன்கிழமை எங்க அப்பாவுக்குச் சம்பளம் கிடையாது.

சிவப்பு மையில் சுழித்து
பத்தியில் இல்லாததை எழுதாதே
என்று எழுதிவிட்டேன்.
பிறகுதான் கூப்பிட்டேன்.

"இது எங்கடா இருக்கு?"
அவன் கோபித்துக்கொள்ளவில்லை.
ஐந்தாம் வரியில் விரல் வைத்தான்.
"அரவை மில் பகுதிகள்னு போட்டிருக்கே டீச்சர்."
"அது இடம்டா."
"அங்கதான் அப்பா மூட்டை தூக்குறாங்க.
மில்லு ஓடுனாத்தான் காசு."
"சரி, எழுதினவர் அதைச் சொல்லலியே?"
கொஞ்சம் யோசித்தான்.
தாளைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தான்,
அங்கே ஏதாவது இருக்குமோ என்பதுபோல.
"ஆமா டீச்சர். சொல்லல."

இடத்துக்குப் போய் ரப்பரால் அழித்து
மணிமணியான கையெழுத்தில்
பராமரிப்புக்காக ஒருநாள் மின்தடை
என்று எழுதி வந்தான்.
முழு மதிப்பெண்.
போட்டேன்.
பென்சிலை அழுத்தி எழுதுகிறவன் அவன்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
பழைய வரியும் தெரிகிறது.
என் சிவப்புச் சுழி
எதுவும் இல்லாத இடத்தைச் சுற்றி
அப்படியே நிற்கிறது.

புதன்கிழமை ஒன்பது மணி அடித்தது.
வகுப்புக்குள் நுழைந்து
வழக்கம்போல் "எல்லாரும் உக்காருங்க" என்றேன்.
என் குரல் எதிர்ச்சுவரில் மோதி
என்மேலேயே விழுந்தது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
சேவுகமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை
என்று சொல்ல எனக்கு ஆசைதான்.
அவனும் சிரித்தான்,
எல்லோரையும்விட அதிகமாக.

மெதுவாகப் பேசத் தொடங்கினேன்.
கடைசி பெஞ்சு வரை கேட்டது.
ரிஸ்வான் ஸ்கெட்ச்சின் மூடியைத் திறந்த சத்தமும்,
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ இருமிவிட்டு
மணி என்ன என்று விசாரித்ததும்.