ஏழு புள்ளி மூன்று

காலை ஒன்பதுக்கு வரவேற்பு மேசையில்
இயந்திரம் என் அட்டையைத் துப்பியது:
தவமலர் டி.
அவ்வளவுதான்.
சாய்கோட்டில் தடுக்கி
அப்பா அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

புவன விஸ்தா, பதினோராம் மாடி.
பேனா உயரத்தில் இருபத்திரண்டு நாட்டுக் கொடிகள்.
குளிரூட்டியைப் பதினெட்டில் வைத்துவிட்டு
எல்லாரும் கோட்டுக்குள் நடுங்குகிறார்கள்.
மூன்றாம் நாளாக ஒரே கேள்வி:
மின்னடையாளத்தில் பெயர் என்றால் என்ன?

எனக்கு வாக்கு இல்லை.
'செயலாளர்' என்ற பலகைக்குப் பின்னால்
மேசைவிளக்கு மாதிரி இருக்கிறேன்,
பேசுகிறவர் பக்கம் மட்டும் திரும்பிக்கொண்டு.

பிரிவு ஏழு புள்ளி மூன்று,
அனுமதிக்கப்படும் எழுத்துகள்.
ஒன்றரை ஆண்டாகச் சதுர அடைப்புக்குறிக்குள்,
நின்றுபோன மின்தூக்கிக்குள் சிக்கியவரைப்போல்.

முதற்பெயர் ஒன்று, குடும்பப்பெயர் ஒன்று,
போதும் என்கிறார் ஜூரிக் பொறியாளர்.
நல்ல மனிதர். நேற்று மழையில் குடை தந்தவர்.

சுரபாயாவிலிருந்து வந்த சுமார்வோத்தோ எழுந்தார்.
"எனக்கு இருப்பதே ஒரு பெயர்.
விமானச் சீட்டில் அதை இரண்டு தடவை அச்சிட்டார்கள்.
சுமார்வோத்தோ சுமார்வோத்தோ.
வழி நெடுக அந்த இன்னொருவரைத் தேடினேன்.
சாப்பாடு மட்டும் ஒன்றுதான் வந்தது."

சிரிப்பைக் குறிப்பில் எழுதும் வழக்கமில்லை.

ரெய்க்யவிக்கிலிருந்து வந்தவள்
தன் பெயரின் நடுவெழுத்தை
நாக்கைப் பல்லிடையில் வைத்து ஒலித்துக் காட்டினாள்.
"இதை டி என்று எழுதினால்
அது நானில்லை,
எங்கள் தெருவில் வேறொருத்தி."

பிறகு சாய்கோட்டுக்கு வந்தார்கள்.
ஆபத்தான குறி என்றார்கள்.
கணினிக்கு அது கதவாம்,
ஒரு கோப்புறைக்குள் இன்னொன்று.
தவமலரைத் திறந்தால்
உள்ளே அங்கப்பன் இருப்பார் என்று நம்பிவிடுமாம்.

நம்பட்டுமே.

சொல்லவில்லை.
விரல் அந்த விசைமேல் நின்றது.
கேள்விக்குறியும் அதே விசைதான்.

மதியம் கீழே உணவங்காடியில்
காலி மேசையில் ஒரு பொட்டலம் டிஷ்யூ.
உட்காரப்போன ஜூரிக்காரரின் முழங்கையைப் பிடித்தேன்.
"ஆள் இருக்கிறது."
"எங்கே?"
"அந்தப் பொட்டலம்தான்."
எந்த ஆவணத்தில், எத்தனையாவது பிரிவு என்றார்.
எங்கும் எழுதவில்லை,
யாரும் மீறுவதுமில்லை என்றேன்.
கோப்பி ஆறும்வரை
அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் முழுக்க ஒரு வினைச்சொல்.
அவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு வைத்திருக்கிறார்கள்,
ஆணைக்கு ஒன்று, பரிந்துரைக்கு ஒன்று.
இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம்.
என்னிடம் இருப்பது 'வேண்டும்'.
வரி கட்ட வேண்டும்.
தண்ணீர் வேண்டும்.
ஆணையும் ஆசையும் ஒரே சொல்லில்
ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன,
சண்டையில்லாமல்.

ஐந்தே முக்காலுக்குத் தலைவர் கேட்டார்,
ஆட்சேபம் உண்டா?

ஒருமித்த முடிவென்றால்
எல்லாரும் ஆம் சொல்வதில்லை.
இல்லை என்பதை
யாரும் கடைசிவரை பிடித்துக்கொள்ளாதது.
கண்ணாடியில் மழை.
யாரோ பேனாவை மூடும் ஓசை.
ஜூரிக்காரர் தன் மேசைமேல்
ஒரு பொட்டலம் டிஷ்யூவை வைத்தார்,
எதற்கென்று தெரியவில்லை,
ஒன்றும் சொல்லவில்லை.

அடைப்புக்குறிகளை அழித்தேன்.
இரண்டே தட்டல்.
பெயருக்குரியவர் எழுதுகிறபடியே ஏற்க வேண்டும்.
சாய்கோடு, பின்னிணைப்பில்,
குறிப்பு இரண்டில், சிறிய எழுத்தில்.

இனி வாக்கெடுப்பு, திருத்தம், மொழிபெயர்ப்பு,
அப்புறம் இயந்திரங்களின் மனம் மாற வேண்டும்
(எந்த 'வேண்டும்' என்று கேட்காதீர்கள்).

வெளியே போகையில் அட்டையை நீட்டினேன்.
காவலர் ரொஸ்லி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"டி? டி என்ன?"

"மீதி வரும்," என்றேன்.
"மூன்று வருஷம் ஆகும்."

அடுத்த பேருந்து பத்து நிமிடம் என்று கேட்டவர்போல்
தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.